மூன்றாம் ஓட்டக்காரர்

எழுபதைத் தொட்ட நாலு பேர் ஏற்காடு பஜார் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, யார் முதலில் ஓடுவது, யார் கடைசியில் ஓடுவது என்று காலை முழுக்க வாதாடினால் பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். கடைக்காரருக்கு வந்தது. எங்களுக்கு வரவில்லை. நாங்கள் வியூகம் வகுத்துக்கொண்டிருந்தோம்.

போன வருடம் எங்கள் கல்லூரியின் பழைய மாணவர் கூட்டம் சேலத்து வெயிலுக்குப் பயந்து மலைக்கு ஏறி வந்தது. சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு தொடரோட்டம் என்று ஏற்பாடு. மஞ்சக்குட்டையிலிருந்து ஏற்காடு ஏரி வரை சாலையை நாலு துண்டாகப் பிரித்திருந்தார்கள். அணிக்கு நாலு பேர், ஆளுக்கு ஒரு துண்டு. வயது மூத்த அணி கொஞ்சம் முன்னதாகக் கிளம்பலாம் என்று ஒரு சலுகையும் கொடுத்தார்கள். அதைக் கேட்டதும், அதுவரை வயதைக் குறைத்தே சொல்லி வந்த எங்கள் லாட்ஜ்காரர், தன் சர்ட்டிபிகேட்டில் இருப்பது தப்பு, பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வாத்தியார் குறைத்துப் போட்டுவிட்டார், நிஜ வயது இன்னும் இரண்டு கூட என்று அறிவித்தார்.

நாங்கள் நாலு பேரும் படிக்கிற காலத்தில் கல்லூரி அணிக்காக ஓடியவர்கள். ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு மீட்டர் ஓடும் தொடரோட்டம். பஜாரில் லாட்ஜ் வைத்திருப்பவர் ஒருவர். பேங்க் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர் இன்னொருவர். மூன்றாமவர் காபி எஸ்டேட்டில் ரைட்டராக இருந்தவர். காலையில் ஆட்களைப் பிரித்து வேலைக்கு அனுப்பி, மாலையில் கணக்கு எழுதுகிற வேலை. ஓய்வு பெற்ற பிறகும் ஊர் அவரை ரைட்டர் என்றேதான் கூப்பிடுகிறது. நான் அதே கல்லூரியில் வரலாறு சொல்லிக்கொடுத்துவிட்டு மலைக்குத் திரும்பி வந்தவன்.

தொடரோட்டத்தில் ஆட்களை எந்த வரிசையில் நிறுத்துகிறோம் என்பதில்தான் பாதி வெற்றி. முதல் ஆள் கூட்டத்தில் இடிபடத் தயங்காதவராக இருக்க வேண்டும். இரண்டாம் ஆள் நிதானமானவர். கிடைத்த இடத்தைக் காப்பாற்றினால் போதும். கடைசி ஆள், முன்னால் போகிறவரின் முதுகுக்குப் பின்னாலேயே காற்றுப் படாமல் ஒட்டிக்கொண்டு வந்து, கோடு தெரிந்ததும் தாண்டத் தெரிந்தவர். மூன்றாம் இடத்தில் யாரைப் போடுவது என்பதுதான் எப்போதும் தலைவலி. சாதாரணமாக, அணியில் யாரை ஒளித்து வைக்க வேண்டுமோ அவரைத்தான் அங்கே போடுவார்கள்.

எங்கள் அணியில் ஒளித்து வைக்க வேண்டியவர் ரைட்டர். மூச்சிலோ காலிலோ அவருக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. மேட்டில் எங்கள் மூவரையும் விட அவர் நன்றாக ஓடுவார். அவருடைய குறை மரியாதை. எஸ்டேட் ஒற்றையடிப் பாதையில் பின்னால் வருகிறவர் குரல் கொடுப்பார். முன்னால் போகிறவர் மலைப் பக்கமாக ஒதுங்கி நிற்பார். பின்னவர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவார். குரல் கொடுக்காமல் ஒருவரை உரசிக்கொண்டு போவது இங்கே அநாகரிகம். ரைட்டர் அந்தப் பழக்கத்தை ஓட்டப்பந்தயத்துக்கும் கொண்டுவந்துவிட்டார். கல்லூரி நாளில் ஒரு பந்தயத்தில் கடைசிச் சுற்று முழுவதும் ஒரு சமவெளிப் பையனின் பின்னாலேயே ஓடித் தோற்றுவிட்டு வந்தார். ஏன் தாண்டவில்லை என்று கேட்டதற்கு, இரண்டு தடவை வழி கேட்டதாகவும் அந்தப் பையன் விடவில்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார். அப்படியே யாரையாவது தாண்டினாலும் வழி விட்டவருக்கு நன்றி சொல்ல வேகத்தைக் குறைப்பார். தாண்டிய பிறகு பத்துப் பதினைந்து அடியாவது பாய்ந்து ஓடினால்தான் பின்னவரின் மனம் உடையும் என்று நாங்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்தோம். அடுத்தவர் மனதை எதற்கப்பா உடைக்க வேண்டும் என்பார்.

டீக்கடையில் நான் வகுத்த வரிசை இது: லாட்ஜ்காரர், பேங்க்காரர், ரைட்டர், நான். மூன்றாம் துண்டில்தான் நீளமான ஏற்றம். அது ரைட்டருக்குத் தோது. நாலாம் துண்டு ஏற்காட்டுக்குள் இறங்குவது; கடைசியில் ஏரி, கூட்டம், கேமரா. அது உனக்கு எதற்கு என்று பேங்க்காரர் கேட்டார். நிதானமாக முடிக்கத் தெரிந்தவன் கடைசியில் ஓட வேண்டும் என்று ஒரு விரிவுரையே நிகழ்த்தினேன். எனக்கு வேண்டியிருந்தது முடிவுக் கோட்டில் கட்டியிருக்கும் அந்த ரிப்பன். இந்த வயதில் அதை ஒப்புக்கொள்ள வெட்கமாக இருந்ததால் அதற்கு வியூகம் என்று பெயர் வைத்தேன்.

ரைட்டருக்கு நெஞ்சில் ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். மெதுவாக ஓடலாம், மூச்சு முட்டினால் நிறுத்திவிட வேண்டும் என்பது டாக்டர் சொன்னது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து அவரிடம் ஒரு மாற்றம். யாராவது ஏணியில் ஏறச் சொன்னால்கூட மனைவியைத் திரும்பிப் பார்ப்பார். தன் உடம்பைத் தானே நம்பாத ஆளாகிவிட்டார். இந்த ஓட்டத்துக்கு அவர் ஒத்துக்கொண்டதே எங்களுக்கு ஆச்சரியம். தான் இன்னும் பழைய ஆள்தானா என்று பார்க்க நினைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பந்தயத்தன்று காலையில் ஜீப்புகள் கிளம்புவதற்கு முன்னால், எதிரணியின் மூன்றாம் ஓட்டக்காரரை அதே டீக்கடையில் கண்டேன். சேலத்தில் மருந்துக்கடை வைத்திருப்பவர். என் வகுப்பில் படித்தவர். ஐம்பதை நெருங்கியும் என்னைப் பார்த்ததும் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். அவர் எழுந்து நின்றதைப் பார்த்ததும்தான் எனக்கு அந்த யோசனை வந்தது.

அவரைத் தனியாகக் கூப்பிட்டுப் போய், எங்கள் ரைட்டருக்கு நெஞ்சு சரியில்லை, ஏற்றத்தில் அவர் பின்னால் வந்து வழி கேட்டால் கொஞ்சம் ஒதுங்கிவிடுங்கள், அவருக்கு ஒரு தெம்பு வரும் என்றேன்.

"நீங்க சொன்னா சரிங்க சார். பெரியவரு வழி கேட்டா நான் உடாமயா போயிருவேன்?" என்றார் அவர்.

நண்பனுக்காகச் செய்தேன் என்றுதான் அன்று எனக்கே சொல்லிக்கொண்டேன். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கலாம். ஆனால் ரைட்டர் முன்னால் வந்து தொடரோட்டக் கோலைக் கொடுத்தால்தான் நான் முன்னால் ஓடி ரிப்பனை அறுக்க முடியும். கேட்டவன் பழைய வாத்தியார்; மறுக்க முடியாத ஆளாகப் பார்த்துக் கேட்டிருந்தேன்.

ஓட்டம் தொடங்கியது. லாட்ஜ்காரர் சலுகையில் கிடைத்த இடைவெளியை ஜாக்கிரதையாகச் செலவழித்தார். பேங்க்காரர் மிச்சத்தைச் செலவழித்துவிட்டு, கடைசியில் கொஞ்சம் கடனும் வைத்தார். மூன்றாம் துண்டு தொடங்கும்போது மருந்துக்கடைக்காரர் முன்னால். எங்கள் ரைட்டர் சற்றுப் பின்னால். நான் ஏற்றத்தின் உச்சியில், சில்வர் ஓக் மரங்களுக்குக் கீழே காத்திருந்தேன். அங்கிருந்து சாலை வளைந்து வளைந்து கீழே தெரியும்.

ஒரு வளைவில் மருந்துக்கடைக்காரரின் வயிறு முதலில் தெரிந்தது, பிறகு அவர். அவருக்குப் பின்னால் ரைட்டர், சீராக, எஸ்டேட் மேட்டில் நடக்கும் அதே குட்டை அடிகளாக வைத்து, நெருங்கிக்கொண்டே வந்தார். எனக்குக் கேட்கிற தூரத்தில்தான் அவர் குரல் கொடுத்தார்.

"ஏனுங்க தம்பி, கொஞ்சம் வழி உடறீங்களா?"

மருந்துக்கடைக்காரர் மலைப் பக்கம் ஒதுங்கினார். ரைட்டர் தாண்டினார். இந்தத் தடவை அவர் நன்றி சொல்ல நிற்கவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக, தாண்டிய பிறகு பாய்ந்து ஓடினார். கோலை என் கையில் வைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். கல்லூரி நாளில்கூட அப்படி ஒரு முகத்தை அவரிடம் நான் பார்த்ததில்லை.

நான் இறங்கி ஓடினேன். ரிப்பனை அறுத்தேன். சால்வை போர்த்தினார்கள். போட்டோவில் கண்ணை மூடியிருக்கிறேன், ஆனாலும் அதைச் சட்டம் போட்டு மாட்டினேன்.

அதன் பிறகு எங்கள் டீக்கடைக்கு வந்த எவரும் அந்த ஏற்றத்தின் கதையைக் கேட்காமல் டீ குடித்துவிட்டுப் போக முடியவில்லை. ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் ஏற்றம் இன்னும் செங்குத்தாகும்; மருந்துக்கடைக்காரருக்கு வயது குறையும். ஒரு மாதத்தில் அவர் முப்பது வயதுக்காரராகிவிட்டார். "அவன் ஏத்தத்துல மூச்சு வாங்கறான், எனக்கு ஒண்ணுமே இல்லப்பா, நெஞ்சு கல்லு மாதிரி இருக்குது" என்று ரைட்டர் மார்பைத் தட்டிக் காட்டுவார். நான் டம்ளருக்குள் பார்த்துக்கொண்டிருப்பேன். லாட்ஜ்காரர், புரொபசருக்கு ரைட்டர் மேல் பொறாமை என்று கேலி செய்வார். நான் மறுக்கவில்லை. பொறாமை என்றே இருந்துவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

கேலியோடு போயிருந்தால் நானும் இதை எழுதியிருக்க மாட்டேன். ஒரு நாள் ரைட்டரின் மனைவி வீட்டுக்கு வந்தார். மாதா கோயிலிலிருந்து நேராக வந்திருந்தார். செபமாலை இன்னும் கையில் இருந்தது. தண்ணீர்கூடக் குடிக்காமல் விஷயத்துக்கு வந்தார். கல்லூரிப் பிள்ளைகள் குப்பனூரிலிருந்து மலை ஏறி ஒரு தொடரோட்டம் நடத்தப் போகிறார்களாம். பழைய மாணவர்களும் ஓடலாமாம். எங்கள் நாலு பேரின் பெயரையும் ரைட்டர் கொடுத்துவிட்டாராம். அதில் மிகவும் செங்குத்தான துண்டைத் தனக்கென்று கேட்டு வாங்கியிருக்கிறாராம். தினமும் விடிந்ததும் பஸ்ஸில் பாதி மலை இறங்கி, அங்கிருந்து ஓடியே ஏறுகிறாராம்.

"முந்தாநாளு ஊட்டுக்கு வந்தவரு சுவத்தப் புடிச்சுக்கிட்டு நின்னாருங்க அண்ணா. கேட்டா, அன்னைக்கு சின்னப் பையனத் தாண்டுனவன் நானு, எனக்கென்ன கொறைங்கறாரு. டாக்டரு சொன்னாக் கேக்க மாட்டேங்கறாரு. நீங்க சொன்னாக் கேப்பாருங்க."

நான் சொன்னால் கேட்பார் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. எதைச் சொல்வது என்பதுதான் என் சிக்கல். நான் செய்ததை மறைத்துவிட்டு, வயதாகிவிட்டது, வேண்டாம் என்று புத்தி சொல்லலாம். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய பழைய ரைட்டராக அவரை ஆக்கிவிடலாம். அது பொய்க்கு மேல் இன்னொரு பொய். இரண்டு நாள் நல்ல வாக்கியங்களாகத் தேடினேன். நாற்பது வருடம் பாடம் நடத்தியவனுக்கு அந்த உண்மையைச் சொல்ல வார்த்தை அமையவில்லை.

மூன்றாம் நாள் காலையில் அவரோடு அதே பஸ்ஸில் ஏறினேன். என்னப்பா புதுசா என்று கேட்டுச் சந்தோஷப்பட்டார். குப்பனூர் சாலையில் ஒரு வளைவில் இறங்கினோம். அவர் கால்களை உதறிக்கொண்டு தயாரானார். நான் அங்கிருந்த கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். அவர் நெஞ்சைச் சாக்காக வைத்து மருந்துக்கடைக்காரரிடம் கேட்டதை, எனக்கு ரிப்பன் வேண்டியிருந்ததை, இவ்வளவு நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததை.

அவர் காலை உதறுவதை நிறுத்தினார். கீழேயிருந்து ஒரு லாரி உறுமிக்கொண்டு ஏறி எங்களைத் தாண்டிப் போனது. பிறகு என்னைப் பார்க்காமல் போனை எடுத்து மருந்துக்கடைக்காரரைக் கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டார்.

மருந்துக்கடைக்காரர் முதலில் மழுப்பினார். ரைட்டர் விடவில்லை. அன்றைக்கு நீங்களாக ஒதுங்காவிட்டால் நான் தாண்டியிருப்பேனா, மாட்டேனா, அதை மட்டும் சொல்லுங்கள் என்றார்.

"தாண்டியிருப்பீங்கன்னுதாங்க எனக்குத் தோணுது. எனக்கு மூச்சு நொம்ப வாங்குச்சு. ஆனா சார் சொல்லியிருந்தாருங்களா, அதனால நான் முட்டிப் பாக்கவே இல்லைங்க. சத்தியமா எனக்கே தெரியலைங்க."

ரைட்டர் போனைப் பையில் போட்டார். அவர் மனதில் என்ன ஓடியது என்று எனக்குத் தெரியாது. என் மனதில் ஓடியது இதுதான்: அவர் தாண்டியிருப்பார். ஏற்றத்தில் அவர் வந்த வேகத்தை நானே பார்த்தேன். நான் அந்த டீக்கடையில் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், அந்த வெற்றி முழுசாக அவருடையதாக இருந்திருக்கும். இப்போது அவருக்கும் தெரியாது, தாண்டவிட்டவருக்கும் தெரியாது. இனி தெரிந்துகொள்ள வழியும் இல்லை. ஒரு ரிப்பனுக்காக நான் அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது அது.

"நீங்க போங்க புரொபசர்," என்றார். ஐம்பது வருடப் பழக்கத்தில் அவர் என்னை நீங்க என்றது அதுதான் முதல் தடவை. "நான் நடந்தே வந்துக்கறேன்."

அவர் நடந்தே ஏறினார். நான் சுவரிலேயே உட்கார்ந்திருந்து அடுத்த பஸ்ஸில் போனேன். வழியில் அவரைத் தாண்டியபோது ஜன்னலை மூடிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் டீக்கடைக்கு வரவில்லை. லாட்ஜ்காரரிடமும் பேங்க்காரரிடமும் நானே விஷயத்தைச் சொன்னேன். பேங்க்காரர் என்னிடம் ஒரு வாரம் பேசவில்லை. லாட்ஜ்காரர், சால்வையையாவது திருப்பிக் கொடு, லாட்ஜுக்கு ஜன்னல் திரை பற்றவில்லை என்றார். போட்டோவைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டேன். அதனால் யாருக்கும் ஒரு பிரயோசனமும் இல்லை, சுவரில் ஒரு வெளுத்த கட்டம் மிச்சமானதைத் தவிர.

ஒரு நாள் சாயங்காலம் ரைட்டர் வந்தார். பெஞ்சில் எனக்கு எதிர்ப்புறமாக உட்கார்ந்தார். டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததாகப் பொதுவாக எல்லோரிடமும் சொன்னார். குப்பனூர் ஓட்டத்தில் ஓடலாமாம், அடிவாரத்துச் சமதளத் துண்டு மட்டும், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் மட்டும். பெயரைக் கொடுத்தாயிற்று, அணியைக் கலைக்க அவருக்கு இஷ்டம் இல்லை. ஆனால் இந்தத் தடவை வரிசையை அவர்தான் போடுவார்.

யாரும் எதிர்க்கவில்லை. முதல் துண்டு அவர். அதற்கு அடுத்தது, அவர் ஆசைப்பட்டுக் கேட்டு வாங்கியிருந்த அந்தச் செங்குத்தான துண்டு.

"அது நம்ம புரொபசருக்கு," என்றார். "வியூகமெல்லாம் தெரிஞ்ச ஆளு. மேல ஏறறப்ப யோசிச்சுக்கட்டும்."

என் முழங்காலைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்தேன். பேங்க்காரர் என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அன்றிலிருந்து காலையில் அந்தச் சாலையில் நான் ஏறிப் பழகினேன். பாதி ஓட்டம், பாதி நடை, பிற்பாடு பெரும்பாலும் நடை. எஸ்டேட்டுக்குப் போகும் பெண்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஜீப் வேணுங்களா ஐயா என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

ஓட்டத்தன்று குப்பனூருக்கு மேலே, சாலை நிமிரத் தொடங்கும் இடத்தில் நின்றிருந்தேன். கல்லூரிப் பிள்ளைகள் முதலில் வந்து, கோல் மாற்றிக்கொண்டு பறந்தார்கள். அப்புறம் நடுத்தர வயதுக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் போன பிறகு சாலை காலியாக இருந்தது. ரைட்டரின் மனைவி என் பக்கத்தில் நின்றிருந்தார்.

ரொம்ப நேரம் கழித்து அவர் தெரிந்தார். டாக்டர் சொன்ன வேகத்தில் ஓடி வந்தார். உண்மையிலேயே பேசிக்கொண்டுதான் ஓடினார், பக்கத்தில் சைக்கிளில் வந்த யாரோ ஒருவரிடம். முகத்தில், போன ஓட்டத்தில் கோலைக் கொடுத்தபோது இருந்த பளபளப்பு இல்லை. பயமும் இல்லை. கடைசியாக வந்து நின்று, கோலை நீட்டினார். நான் பிடித்து இழுத்தேன். அவர் விடவில்லை.

"இன்னைக்குக் கடசியா வந்தது நானு," என்றார். "இதுல யாருகிட்டயாச்சும் ஏதாச்சும் பேசி வெச்சிருக்கறயா?"

"இல்லப்பா."

"நெசமாவா?"

"நெசமா. நீயாத்தான் கடசியா வந்த."

என் முகத்தை ஒரு நொடி பார்த்தார். பிறகு கோலை விட்டார்.

"செரி, ஏறு," என்றார்.